ஊர்த் தொழில், விளையாட்டு, திருவிழா இதையெல்லாம் வச்சு தொடக்கப்பள்ளில அறிவியல் நடத்துறது எப்படி?

உசிலம்பட்டி டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றிய தொடக்கப்பள்ளில வேலை பாக்குறேன். ஈராசிரியர் பள்ளி, ஹெச்எம்மும் நானும் மட்டுந்தான், மூணு நாலு அஞ்சு மூணும் எங்கிட்ட ஒரே ரூம்ல. எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததுல இருந்து தமிழும் கணக்கும் பாட்டு, அட்டை, குழு வேலைன்னு பிள்ளைகளுக்கு நல்லாப் பிடிச்சுப் போச்சு. அறிவியல்தான் ஒட்டவே மாட்டேங்குது. "ஆவியாதல் என்றால் என்ன"ன்னு கேட்டா மூச்சு விடாம ஒப்பிக்கிறான், அதே பயகிட்ட உங்க வீட்டு மண்பானைல தண்ணி ஏன்டா ஜில்லுன்னு இருக்குன்னு கேட்டா "பானைன்னா அப்படித்தான் டீச்சர்"ங்குறான்.

லேப் கெடையாது, சாமான் கெடையாது, டிவி ஒண்ணு இருக்கு, கரண்ட் இருந்தா ஓடும். ஆனா ஊரச் சுத்திப் பாத்தா எனக்கு ஆசையா இருக்கு. கம்மா (கண்மாய்) இருக்கு, பானை செய்யுற ஒரு வேளார் வீட்ல இன்னும் சக்கரம் சுத்துது, மாசி சிவராத்திரிக்கு உருமி அடிக்கிறாங்க, பிள்ளைக நுங்கு சீசன்ல வண்டி உருட்டுதுக, பூவரசு இலைய சுருட்டி பீப்பீ ஊதுதுக. சக்கரமும் அச்சும் பாடமா நடத்துறப்ப முழிக்கிற பயதான் சாயங்காலம் ரெண்டு நுங்குக் கூந்தலுக்கு நடுவுல குச்சி சொருகி கவட்டைக் கம்பால தள்ளிட்டுப் போறான்.

இத வகுப்புக்குள்ள கொண்டாரணும். எதுல ஆரம்பிக்கிறது, பாடத்தோட எப்படிக் கோக்குறது, இதுல என்ன வம்பு வரும்? ஒரு அப்பா வந்து "மண்ணு மிதிக்கிறத நாங்களே சொல்லிக் குடுத்துருவோம், நீங்க இங்கிலீசு சொல்லிக் குடுங்க"ன்னு சொல்லிட்டுப் போனாரு, அவருக்கு என்ன பதில் சொல்றதுன்னும் தெரியல. செஞ்சு பாத்தவங்க இருந்தா எழுதுங்க.

மேலூர் வாத்தியார் (ஓய்வு):

டீச்சரம்மா, வணக்கம். நல்ல கேள்வி. மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். தொண்ணூறுகள்ல அறிவொளின்னு எழுத்தறிவு இயக்கத்துல நாங்க ஊர் ஊரா கலைப்பயணம் போனோம், கும்மி, ஒயில், வீதி நாடகம்னு எல்லாத்துலயும் கருத்தச் சொன்னோம். அதுக்கு ஒரு பெரிய பலன் இருந்துச்சு, நான் கண்ணால பாத்தேன். ஆனா அது வேற, இப்ப நீங்க கேக்குறது வேற. வயித்துப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் குடுங்கன்னு கும்மி பாடுனா மெட்டுதான் நம்மளது, சேதி வெளிய இருந்து வந்தது. நீங்க பாக்க வேண்டியது பானைக்குள்ளயும் கம்மாக்குள்ளயும் ஏற்கனவே கெடக்குற சங்கதிய. பாட்டு எழுதி ராகம் போடுறதோட நின்னுறாதீங்க, நெறைய பயிற்சி வகுப்புல அதோட நின்னுருது.

பானைல இருந்தே ஆரம்பிங்க, உங்க பயலே ரூட்டு போட்டுக் குடுத்துட்டான். வேளார் வீட்ல ஒரே அளவுல ரெண்டு கலயம் வாங்குங்க. ஒண்ணுக்கு வெளிப்பக்கம் பூராம் பெயின்ட் அடிச்சுக் காய விடுங்க, இன்னொண்ண அப்படியே விடுங்க. ரெண்டுலயும் ஒரே மட்டம் தண்ணி ஊத்தி, மூடி, நிழல்ல காத்துப் படுற எடத்துல வச்சிருங்க. மறுநாள் பிள்ளைகள கைவிட்டுப் பாக்கச் சொல்லுங்க, மட்டத்தையும் அளக்கச் சொல்லுங்க. பெயின்ட் அடிச்சதுல தண்ணி அவ்வளவா கொறஞ்சிருக்காது, குளிர்ந்தும் இருக்காது. பெயின்ட் அடிக்காத கலயத்துல ரெண்டும் நடந்திருக்கும். தண்ணி சின்னச் சின்ன துளை வழியா வெளிய கசிஞ்சு ஆவியாகப் போறப்ப பானையோட சூட்ட எடுத்துட்டுப் போகுதுன்னு அதுக்கப்புறம் நீங்க சொன்னா அவனுக்கு மறக்காது. இதே கலயத்த ஐப்பசி அடைமழைலயும் வச்சுப் பாருங்க, அப்ப அவ்வளவு குளிராது, காத்துல ஏற்கனவே ஈரம் இருக்குறதால ஆவியாகுறது மந்தமாயிரும். "ஏன் டீச்சர் இப்ப குளிரல"ன்னு ஒரு பிள்ளை கேட்டுட்டா அன்னிக்கு உங்க பாடம் முடிஞ்சது.

அதே வேளார்கிட்ட சூளை பத்திக் கேளுங்க. கீழடி உங்களுக்கு ரொம்ப தூரமில்ல, 2023 மார்ச்சுல அருங்காட்சியகம் தொறந்தாங்க, பிள்ளைகள ஒருதடவ கூட்டிட்டுப் போங்க. அங்க கருப்பு சிவப்புப் பானை இருக்கும், உள்ள கருப்பு, வெளிய சிவப்பு. ஒரே மண்ணு, ஒரே சூளை, ரெண்டு நெறம். கவுத்து வச்சுச் சுடுறப்ப காத்துப் படாத பக்கம் கருத்துரும், காத்துப் படுற பக்கம் மண்ணுல இருக்குற இரும்பு செவந்துரும். 2019ல தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கை கீழடிய பொது ஆண்டுக்கு முன் 6ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டு போகுது, அம்புட்டு காலத்துக்கு முன்னாடியே காத்த எங்க விடணும் எங்க விடக் கூடாதுன்னு கைப்பழக்கத்துல தெரிஞ்சு வச்சிருக்காங்க. அங்க கெடச்ச சுடுமண் சில்லையும் காட்டுங்க, உங்க பிள்ளைக பாண்டி வெளாடுற சில்லு மாதிரியேதான் இருக்கும், அதப் பாத்ததும் பிள்ளைக சத்தம் போட்டுருவாங்க.

அடுத்து கம்மா. கம்மாக்கரை ஏன் அடில அகலமாவும் மேல குறுகலாவும் இருக்குன்னு கேளுங்க. ஒரு பாட்டில்ல மேல, நடுவுல, அடில மூணு ஓட்டை போட்டு தண்ணி ஊத்துங்க, மேல சொட்டுச் சொட்டா ஒழுகும், அடில பீச்சி அடிக்கும். ஆழம் கூடக் கூட அழுத்தம் கூடுது, அதான் கரைக்கு அடிவயித்துல பலம் வேணும். கரை உள்பக்கம் அலை அரிக்காம அலைகல்லு ஏன் பதிச்சிருக்கு, வயலுக்குத் தண்ணி விடுற மடை ஏன் பள்ளத்துல இருக்கு, மிச்சத் தண்ணி வெளியேறுற மறுகால் ஏன் கரைய விட தாழ்வா இருக்கு, ஒவ்வொண்ணும் ஒரு பாடம். எங்க மேலூர் பக்கம் பெரியாறு கால்வாய்த் தண்ணி, 1895ல பென்னிகுக் அணை கட்டி மேக்க போற ஆத்த மலைய குடைஞ்சு கெழக்க திருப்புனாரு, தண்ணி மேட்டுல இருந்து பள்ளத்துக்குத்தான் போகும்ங்குற ஒத்த விதிய வச்சு எம்புட்டு ஊரு சோறு திங்குதுன்னு பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டுவேன். வயலுக்குத் தண்ணி பிரிச்சு விடுற நீர்பாய்ச்சி யாராச்சும் இன்னும் இருந்தா அவரையே வந்து பேசச் சொல்லுங்க, நம்மள விட அவருக்கு நல்லாத் தெரியும்.

நிழல்குச்சி:

வாத்தியார் சொன்னது எல்லாம் சரி. நான் அறிவியல் பிரச்சாரத்துல தன்னார்வலரா திருமங்கலம், பேரையூர் பக்கம் பள்ளிகளுக்குப் போறவன், டீச்சர் "என்ன வம்பு வரும்"னு கேட்டதுக்கு மட்டும் எழுதுறேன்.

பெரிய வம்பு வாட்ஸப்ல இருந்து வரும். "நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல"ன்னு ஆரம்பிக்கிற ஃபார்வர்டு இருக்கே, உள்ளூர்ப் பண்பாடு வழியா அறிவியல்னு நீங்க சொன்ன உடனே நாலு பேரு அதத்தான் கொண்டாந்து நீட்டுவாங்க. கோபுரக் கலசம் இடிதாங்கின்னு ஒண்ணு சுத்துது. இடிதாங்கின்னா உச்சில இருந்து பூமிக்குள்ள வரைக்கும் கம்பியோ பட்டையோ எறங்கணும், மின்னல் அது வழியா மண்ணுக்குள்ள போகணும். கலசத்துல இருந்து அப்படி எதுவும் எறங்கல. கோபுரம் கட்டுனவன் கெட்டிக்காரன், அம்புட்டு உசரத்துக்குக் கல்லயும் சுதையையும் நிக்க வச்சதே போதும், அவன் செய்யாத ஒண்ண அவன் தலையில கட்டுறது அவனுக்கும் மரியாதை இல்ல, பிள்ளைகளுக்கும் நல்லது இல்ல. பெருமை பேசுற பாடமா இது மாறிருச்சுன்னா பிள்ளை கேள்வி கேக்குறத நிறுத்திரும். பழசுங்குறதால சரின்னு சொல்லாதீங்க, பழசுங்குறதால தப்புன்னும் சொல்லாதீங்க, செஞ்சு பாக்கச் சொல்லுங்க.

அதுக்கு எனக்குப் பிடிச்ச வழி மழைப் பழமொழிகதான். தட்டான் தாழப் பறந்தா மழை, எறும்பு முட்டைய தூக்கிட்டு மேட்டுக்கு ஏறுனா மழை, அந்தில ஈசல் பறந்தா மழை, இத வீட்ல தாத்தா பாட்டிகிட்ட கேட்டு எழுதிட்டு வரச் சொல்லுங்க. ஒரு சார்ட்ல நாலு கட்டம் போடுங்க: தட்டானப் பாத்தோம் மழை வந்துச்சு, பாத்தோம் வரல, பாக்கல ஆனா வந்துச்சு, பாக்கவும் இல்ல வரவும் இல்ல. புரட்டாசில இருந்து கார்த்திகை வரைக்கும் தெனம் ஒரு பிள்ளை டிக் போடணும். மேலயும் கீழயும் ஒரே அகலமா இருக்குற ஒரு டப்பாவ மொட்டை மாடில வச்சு ஸ்கேலால மழைய அளந்து பக்கத்துலயே எழுதணும். சாதாரணமா நாம முதல் கட்டத்த மட்டும்தான் ஞாபகம் வச்சுக்குவோம், மழை வராத நாள்ல பறந்த தட்டான யாரும் எண்ணுறதில்ல. நாலு கட்டத்தையும் எண்ணப் பழகுன பிள்ளைய நாளைக்கு எந்த ஃபார்வர்டும் ஏமாத்த முடியாது. முடிவு எப்படி வந்தாலும் அப்படியே எழுதுங்க, பழமொழிய ஜெயிக்க வைக்கவும் வேணாம் தோக்கடிக்கவும் வேணாம்.

ரெண்டாவது, ஆரத்தி. மஞ்சத் தண்ணில சுண்ணாம்பு போட்டா செவப்பாகுறத பாக்காத பிள்ளை நம்ம ஊர்ல இல்ல. கல்யாணத்துல சுத்திக் கொட்டுறப்ப அது சடங்கு, நம்ம டம்ளர்ல எலுமிச்சம்பழத்தப் பிழிஞ்சு அது திரும்ப மஞ்சளாகுறத காட்டுனா அது பரிசோதனை. அப்புறம் புளித்தண்ணி, மோர், சோப்புத் தண்ணி, சாம்பக் கரைசல்னு ஒவ்வொண்ணா ஊத்தி எது செவக்குது எது செவக்கலன்னு பிரிக்கச் சொல்லுங்க, அமிலம் காரம்னு பேர கடைசில சொன்னாப் போதும். வெள்ளைச் சட்டைல பட்ட மஞ்சக் கறை சோப்புப் போட்டா ஏன் செவக்குதுன்னு அவங்களே கண்டுபிடிச்சிருவாங்க. ஒரே ஒரு எச்சரிக்கை, சுண்ணாம்பு டப்பா உங்க கைல இருக்கணும், கண்ணுல பட்டா பெரிய ஆபத்து, வெத்தலைக்குத் தடவுறதுல ஒரு துளி போதும்.

மூணாவது காசு பைசா செலவே இல்லாதது. மதுரை வட்டாரத்துல வருசத்துக்கு ரெண்டு நாள் உச்சி வெயில்ல நிழலே விழாது, ஏப்ரல் 15, 16 வாக்குல ஒண்ணு, ஆகஸ்ட் 27 வாக்குல ஒண்ணு. சித்திரை பொறந்த கையோட மொத நாள் வந்துருது. மணி 12 ஆனதும் பாத்துட்டுப் போயிறாதீங்க, அந்த நாள்கள்ல நம்ம ஊருக்கு உச்சி 12 மணி 17ல இருந்து 19 நிமிசத்துக்குள்ளதான் வரும், நம்ம கடிகாரம் நமக்குக் கெழக்க இருக்குற தீர்க்கரேகைக்கு ஓடுது. ஒரு நேரான குச்சிய நட்டு ரெண்டு வாரம் முன்னாடியே அளக்க ஆரம்பிங்க, நிழல் கொறைஞ்சு கொறைஞ்சு அன்னிக்குக் காணாமப் போறத பிள்ளைக கண்ணால பாக்கணும்.

அடிக்குச்சி:

டீச்சர், நான் அலங்காநல்லூர் பக்கம். எங்கப்பா தப்பு, அதான் பறை, அடிக்கிறவரு, நான் டிப்ளமா மெக்கானிக்கல் முடிச்சிருக்கேன். இங்க பானை, கம்மா, கோயில் எல்லாம் பேசுனீங்க, நல்லாருக்கு, ஆனா ஊர்ப் பண்பாடுன்னு சொல்றப்ப யாரோட வீட்டுப் பண்பாடு வகுப்புக்குள்ள வருது யாரோடது வாசல்லயே நிக்குதுன்னு பாக்கணும், அதுக்குத்தான் எழுதுறேன்.

அடிக்கிறதுக்கு முன்னாடி அப்பா வைக்கோல் கொளுத்தி தப்பக் காட்டுவாரு. ஈரக் காத்துல தோலு தொய்ஞ்சிரும், சத்தம் பொத்துன்னு விழும். அனல் பட்டதும் ஈரம் போயி தோலு இறுகும், சத்தம் மேல ஏறி கணீர்னு வரும். ரெண்டு விரலால தட்டிப் பாத்தே போதுமா போதாதான்னு அவருக்குத் தெரியும். இறுக்கம் கூடுனா அதிர்வு வேகமாகும், சுருதி ஏறும்னு நான் டிப்ளமால படிச்சத அவரு பள்ளிக்கூடமே போகாம தெனம் செஞ்சுக்கிட்டு இருந்தாரு, எனக்கு அத யாரும் சேத்துச் சொல்லித் தரல. நீங்க சொல்லித் தரலாம். போன்ல சுருதி பாக்குற ஆப் ஏதாச்சும் எறக்கி, காச்சுறதுக்கு முன்னாடி ஒரு அடி, பின்னாடி ஒரு அடி, நம்பர் ஏறுறத பிள்ளைக பாக்கட்டும். தோல் மேல நாலு அரிசிய போட்டு அடிங்க, குதிக்கிறத ஸ்லோ மோஷன்ல எடுங்க, சத்தம்னா அதிர்வுன்னு புத்தகத்துல இருக்குற ஒரு வரி கண்ணு முன்னாடி நடக்கும். டெக்னாலஜின்னு தனியா கம்ப்யூட்டர் வேணும்னு இல்ல, உங்க கைல இருக்குற போனே போதும். நெருப்புக் கிட்ட மட்டும் பிள்ளைகள விடாதீங்க, காச்சுறத தப்புக்காரரே செய்யட்டும்.

ஆனா யாரக் கூப்புடுறீங்க, எப்படிக் கூப்புடுறீங்கங்குறது முக்கியம். ஹெச்எம் உக்காருற மாதிரி சேர் போட்டு உக்கார வைங்க, "இன்னிக்கு இவர்தான் நமக்கு சார்"னு பிள்ளைகளுக்குச் சொல்லுங்க, அன்னிக்கு அவருக்குக் கூலி போகுமே, அதுக்கும் ஒரு வழி பண்ணுங்க. அடிச்சுக் காட்டுறதோட அனுப்பிறாதீங்க, பிள்ளைக அவர்கிட்ட கேள்வி கேக்கணும், அவரு பதில் சொல்லணும். எந்த பிள்ளைய அடிச்சுப் பாக்கச் சொல்றதுன்னு வரும்போது அந்த வீட்டுப் பிள்ளையவே எழுப்பி விடாதீங்க, எல்லாப் பிள்ளையும் வரிசைல வந்து அடிக்கட்டும், குச்சி எல்லார் கைக்கும் போகணும். யாராச்சும் வீட்ல இருந்து வந்து எம்பிள்ளைய எப்படி இதத் தொட விட்டீங்கன்னு கேப்பாங்க. கேக்கத்தான் செய்வாங்க. அப்ப நீங்க பின்வாங்குனா அந்த ஒரு பிள்ளைக்கு ஆயுசுக்கும் அது மறக்காது. 2025ல நம்ம மதுரைக்காரரு வேலு ஆசானுக்கு பறை இசைக்கு பத்மஸ்ரீ குடுத்தாங்கன்னு சொல்லுங்க, பாடப்புத்தகத்துல ஒலின்னு இருக்குற பக்கத்த எடுத்துக் காட்டுங்க, விட்டுக் குடுக்காதீங்க.

நாலாவது படிக்கிற பிள்ளையோட அம்மா:

டீச்சர், நாங்க மல்லிகைத் தோட்டம் வச்சிருக்கோம், செக்கானூரணி பக்கம். அந்த அப்பா சொன்னத நானும் சொல்லுவேன், அதனால அவரு பக்கத்துல இருந்து எழுதுறேன், கோவிச்சுக்காதீங்க. ஆறாவதுக்கு டவுன் ஸ்கூலுக்குப் போறப்ப எம்பிள்ளை மத்த பிள்ளைக முன்னாடி முழிச்சிட்டு நிக்கக் கூடாது, எனக்கு அதுதான் பயம். எங்க தொழில நாங்க பாக்குற பாட்டுக்கு அது அவளுக்கு வேணாம்னுதான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறோம், அங்கயும் போயி பூவப் பத்தியே பேசுனா எங்களுக்கு எப்படி இருக்கும்?

ஆனா மேல எழுதுனத பூராம் படிச்சேன், நெழல் சங்கதியும் ஆரத்தி சங்கதியும் எம்பிள்ளைக்கு நானே செஞ்சு காட்டணும் போல இருக்கு. நீங்க ஒண்ணு மட்டும் செய்யுங்க. எது செஞ்சாலும் அன்னிக்கே நோட்டுல எழுத வைங்க, படம் போட வைங்க, அதுக்குப் புத்தகத்துல என்ன பேரு, இங்கிலீசுல என்ன பேருன்னு எழுத வைங்க. அந்த நோட்ட நாங்க பாத்தா எங்களுக்கே வெளங்கும். அப்புறம் எங்களையும் கேளுங்க. மொட்டு ஏன் விடியக்காலைல பறிக்கிறோம், ஏன் சாயங்காலம் விரியுது, மார்கழி தையில பனி விழுந்தா ஏன் பூ கொறைஞ்சு வெல எகிறுது, இதெல்லாம் எங்களுக்குக் கைல தெரியும், காரணம் தெரியாது. 2013ல மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு குடுத்தாங்க, அது எதுக்குன்னு கூட எங்க ஊர்ல பாதிப் பேருக்குத் தெரியாது. பிள்ளை வந்து எங்களுக்குக் காரணம் சொன்னா, மண்ணு மிதிக்கவா அனுப்புறோம்னு யாரு கேக்கப் போறா.

உசிலம்பட்டி டீச்சர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அம்மா சொன்ன நோட்டு யோசனைதான் எனக்கு வேண்டியிருந்த பதில், அடுத்த பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்துல அந்த நோட்டயே கொண்டு போயி வைக்கிறேன். கலயத்துல ஆரம்பிக்கிறேன், மழைச் சார்ட்ட புரட்டாசிக்குத் தொடங்கிருவேன். உருமி அடிக்கிற தாத்தாவ கூப்புடணும்னு இருக்கேன், தம்பி சொன்ன மாதிரி சேர் போட்டு, எல்லாப் பிள்ளையும் தொடுற மாதிரி. உருமில ஒரு பக்கம் குச்சியால தேச்சுத்தான் அந்த உறுமல் சத்தம் வருது, அது உராய்வு பாடத்துக்கும் ஆகும்னு இப்பத்தான் தோணுது.

கம்மாவுக்குப் பிள்ளைகளக் கூட்டிட்டுப் போறதுதான் எனக்குப் பயமா இருக்கு. ஹெச்எம்மும் தயங்குறாரு. எப்பப் போறது, எப்படிப் போறது?

மேலூர் வாத்தியார் (ஓய்வு):

ஹெச்எம் தயங்குறது நியாயம். தண்ணி நெறைஞ்சிருக்குறப்ப போகவே போகாதீங்க. கரம்பை (வண்டல் மண்ணு) அள்ளுன குழி உள்ள கெடக்கும், மேல இருந்து பாத்தா சமமாத் தெரியும், அந்தக் குழில மாட்டுனா பிள்ளைக உசுருக்கே ஆபத்து. பங்குனில தண்ணி வத்துன பெறகு போங்க, அப்பத்தான் மடையோட அடிப்பக்கம், அலைகல்லு, தண்ணி நிக்கிற உள்வாய் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், உங்களுக்கு வேண்டியதும் அதுதான். பெத்தவங்ககிட்ட எழுத்துல வாங்கிருங்க, ரெண்டு அம்மாமாரையும் கூடக் கூட்டிக்கங்க, நீச்சல் தெரிஞ்ச ஒரு ஆளு இருக்கணும். வெயிலுக்கு முன்னாடி காலைல கெளம்பி பத்து மணிக்குள்ள திரும்பிருங்க. மழைக்காலத்துல மறுகால் பாயுறத காட்டணும்னா யாரையாச்சும் போன்ல வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லி உங்க ரூம் டிவில போடுங்க. அதே எடத்தோட பங்குனி போட்டோவ பக்கத்துல வச்சுப் பாத்தா தண்ணி எம்புட்டு உசரம் நின்னுச்சுன்னு பிள்ளைகளே கரைல இருக்குற கோட்டப் பாத்துச் சொல்லிரும்.